சென்டிமீட்டரில் விலைபேசும் தோல்

மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் சதுர அடிக் கணக்கில் விலைபோகும். அலிகேட்டர் தோலுக்கு அளவு சென்டிமீட்டர். அதுவும் நீளமல்ல, வயிற்றின் அகலம். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, வயிறு மிக அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைக் குறுக்கே வைத்து அளந்து, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள். வால் எவ்வளவு நீளம், கால் பக்கம் எவ்வளவு தோல் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. வாங்குபவருக்கு வேண்டியது வயிற்றின் நடுவே சதுரம் சதுரமாக அமைந்த செதில்கள்தான் என்பதை இந்த அளவுமுறையே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

தோல் வேலை பழகியவர்கள் பலர் இதை விலை கூடிய மாட்டுத் தோல் என்றே நினைத்துக் கையில் எடுக்கிறார்கள். நிதானமாக வெட்டு, நல்ல நூலில் தை என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. அது போதாது. மாட்டுத் தோலில் வேலை என்பது வெட்டிய பிறகு தொடங்குவது. இங்கே கத்தியை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்: எந்த விலங்கு, காட்டிலிருந்தா பண்ணையிலிருந்தா, எப்படி மெருகிட்ட தோல், அதில் எந்தப் பகுதி, எந்தச் செதிலின் மேல் மடிப்பு விழ வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினால், பிறகு எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பொருள் தேறாது.

முதலில் விலங்கைப் பார்ப்போம். தோலுக்காக உலகச் சந்தையில் புழங்கும் முதலை வகைகள் சில உண்டு: அமெரிக்க அலிகேட்டர், ஆப்பிரிக்காவின் நைல் முதலை, ஆஸ்திரேலியாவிலிருந்தும் பப்புவா நியூ கினியிலிருந்தும் வரும் உவர்நீர் முதலை, தென்கிழக்காசியாவின் சயாம் முதலை, தென்னமெரிக்காவின் கேமன். தலையும் பல்லும் போய், சாயமும் ஏறிய பிறகு எது எந்த விலங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நைல், உவர்நீர், சயாம் மூன்றிலும் ஒவ்வொரு செதிலின் ஓரத்தையும் ஒட்டி ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி இருக்கும். அது தொடுதலையும் நீரின் அசைவையும் உணரும் உறுப்பு. அலிகேட்டருக்கு அந்த உறுப்பு தாடையைச் சுற்றி மட்டுமே. வயிற்றுச் செதிலில் புள்ளி கிடையாது. அதன் வயிற்றின் நடுவே வேறோர் அடையாளம் உண்டு, கொப்பூழ்த் தழும்பு. அந்த இடத்தில் மட்டும் செதில்கள் சற்று நீண்டு, மெல்லிய வரிகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும். சிலர் அதை ஒதுக்கிவிட்டு வெட்டுகிறார்கள். சிலர் அசல் அலிகேட்டர் என்பதற்குச் சாட்சியாகப் பையின் முகப்பிலேயே அதை வைக்கிறார்கள். நான் இரண்டாம் கட்சி.

கேமன்தான் ஏமாறும் இடம். அலிகேட்டருக்கு எலும்புத் தகடுகள் முதுகில். கேமனுக்கு வயிற்றுச் செதிலுக்குள்ளும் உண்டு. தோல் பதனிடும் டேனரியில் எவ்வளவு இளக்கினாலும் அந்த விறைப்பு முழுதாகப் போகாது. மடிக்கும் இடத்தில் வெடிப்பு விடும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் செதில்மேல் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும். ஆகவே கேமனில் நல்ல வேலைக்கு எடுப்பது பக்கவாட்டுத் தோலைத்தான். பெரிய நிறுவனங்களிலேயே இந்த வகைபிரிப்பு பொருளின்மேல் பதிவாகிறது. எர்மேஸ் நிறுவனம் தன் பைகளில் பெயர் முத்திரைக்குப் பக்கத்தில் உவர்நீர் முதலைக்குக் கூரை வடிவக் குறி, நைல் முதலைக்கு இரு புள்ளி, அலிகேட்டருக்குச் சிறு சதுரம் என்று குத்தி அனுப்புகிறது. கடையில் எல்லாமே முதலைத் தோல்தான் என்று சொல்லிவிடலாம். பட்டறையில் அப்படிச் சொல்ல முடியாது.

அலிகேட்டரின் கதை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தின் கதையோடு பின்னியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பூட்ஸுக்கும் பைக்கும் சேணத்துக்கும் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத்தள்ளி, 1950களின் முடிவில் சதுப்பு நிலங்கள் காலியாகிவிட்டன. 1962இல் லூசியானா வேட்டையை மூடியது. 1967இல் அமெரிக்க மத்திய அரசு அலிகேட்டரை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1969இல் லேசி சட்டத்தைத் திருத்தி, திருட்டுத்தனமாகப் பிடித்த ஊர்வனவற்றை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைக் குற்றமாக்கிய பிறகே கள்ளச் சந்தையின் முதுகெலும்பு முறிந்தது.

அதற்குப் பிறகு லூசியானா எடுத்த முடிவுதான் இந்தத் தோலை மற்றத் தோல்களிலிருந்து வேறாக்குகிறது. கிராண்ட் ஷெனியே என்ற ஊரிலுள்ள ராக்கஃபெல்லர் வனவிலங்குப் புகலிடத்தில் டெட் ஜோனன், லாரி மெக்னீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கூடுகளை எண்ணி ஆண்டுக்கணக்கில் சேர்த்த தரவுகளை வைத்து, 1972இல் கேமரன் வட்டாரத்தில் மட்டும் வேட்டையை மீண்டும் திறந்தார்கள். அந்தப் பருவத்தில் பிடிபட்டவை சுமார் 1,350. 1981இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1987இல் அலிகேட்டர் முழுமையாக மீண்டுவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பார்வைக்கு ஒத்த வேறு முதலைகள் அதன் பெயரில் கடத்தப்படக் கூடாது என்பதற்காக மட்டுமே இன்றும் அது பட்டியலில் நீடிக்கிறது. இன்று லூசியானாவின் காட்டு அலிகேட்டர்கள் சுமார் 20 லட்சம் என்று மாநிலத் துறை மதிப்பிடுகிறது.

இதன் உள்கணக்கு எளிது. லூசியானாக் கடலோரச் சதுப்பில் பெரும்பகுதி தனியார் நிலம். நிலத்தில் அலிகேட்டர் இருந்தால் வேட்டையாட அனுமதிக்கும் டேக் கிடைக்கும். கூடு இருந்தால் முட்டை எடுப்பவர் பணம் கொடுப்பார். சதுப்பை வடிகட்டி வேறு காரியத்துக்குத் திருப்புவதைவிட அப்படியே விட்டுவைப்பது லாபம் என்ற நிலை வந்தது. 1980களின் நடுவிலிருந்து பண்ணையாளர்கள் காட்டு முட்டைகளை எடுத்துப் பொரிக்க அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: பொரித்தவற்றில் ஒரு பங்கை, ஏறக்குறைய நான்கடி வளர்ந்ததும், எடுத்த சதுப்பிலேயே திரும்ப விட வேண்டும். தொடக்கத்தில் அது 17 சதவீதம். காட்டில் எண்ணிக்கை கூடக் கூட அந்த விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளில் மிகச் சிலவே காட்டில் நான்கடி வரை பிழைக்கும் என்பதால் இந்தக் கணக்கு விலங்குக்கு நட்டமில்லை.

காட்டுத் தோலுக்கும் பண்ணைத் தோலுக்கும் வேறுபாடு விரல் பட்டதும் தெரியும். காட்டு விலங்கு சண்டை போட்டது, கட்டைகளில் உரசியது. வயிற்றில் கடித் தழும்பும் கீறலும் ஆறிய காயமும் இருக்கும். அது பெரிது, செதிலும் பெரிது. பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் பெரிய பைக்கும் அது வேண்டும். பண்ணை விலங்கு வெதுவெதுப்பான கொட்டகையில் வளர்ந்து, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் மூன்று நான்கடியில் தோலாகிவிடும். செதில் சிறிது, வயிறு சுத்தம். உலகின் உயர்ரக வாட்ச் பட்டைகளில் பெரும்பகுதி இந்தச் சிறு தோல்களிலிருந்துதான் வருகிறது. சுத்தம் என்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. மேற்கு நைல் வைரஸ் பண்ணைக்குள் புகுந்தால் விலங்கின் வயிற்றுத் தோலுக்குள் நுண்ணிய முடிச்சுகள் விழும். உயிரோடு இருக்கும்போது சட்டென்று கண்ணில் படாது. பதனிட்டு, சாயமேற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செதில் நடுவே சிறு புள்ளிகளாகத் தெரியும். தொழிலில் அதற்கு ‘பிக்ஸ்’ என்று பெயர். சாயம் அந்தப் புள்ளியில் ஒரே சீராக ஏறாது. தோல் வாங்குபவர் ஜன்னலோரம் போய் நின்று பார்ப்பது சும்மா இல்லை.

வேட்டைப் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும். கொன்றதும் வால் நுனியை ஒட்டி எண்ணிட்ட டேக் ஒன்றைக் கோத்துப் பூட்ட வேண்டும். ஒருமுறை பூட்டினால் அவிழ்க்க முடியாத டேக். உரித்து, சதையைச் சுரண்டி, பொடியுப்பு தேய்த்துச் சுருட்டிக் குளிரறையில் வைத்து, டேனரியின் சுண்ணாம்பு, அமிலம், குரோம் எல்லாம் தாண்டி, மெருகிட்ட தோலாக உங்கள் மேசைக்கு வரும்போதும் அந்த டேக் வாலில் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த மாநிலம், எந்த ஆண்டு, எத்தனையாவது விலங்கு என்று அதில் எழுதியிருக்கும். சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி எல்லை தாண்டும் முதலைத் தோல் ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயம். ஒரு விலங்கின் வரலாற்றை இவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டு வரும் தோல் அரிது. மாட்டுத் தோலில் அந்த மாடு எந்த ஊர் என்று கேட்டால் மண்டிக்காரர் சிரிப்பார்.

டேனரி வேலையை விரிவாகச் சொல்லப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும். கைவினைஞருக்கு வேண்டிய மட்டும் சொல்கிறேன். சுண்ணாம்புக் குளியலில் செதிலின் கொம்புப் படலம் கழன்றுவிடும். நாம் செதில் என்று தடவுவது அதன் அடியிலிருந்த தோலின் மேடு. எலும்புத் தகடுள்ள முதுகுப் பகுதியானால் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச் சத்தைக் கரைக்க வேண்டும். பிறகு இயற்கை நிறத்தை வெளுத்து, குரோமில் பதனிட்டு, சாயத்துக்கு முந்திய ‘கிரஸ்ட்’ நிலைக்குக் கொண்டுவருவார்கள். கடைசி மெருகில்தான் இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, அகேட் கல் உருளையை அழுத்தி ஓட்டித் தேய்த்துக் கண்ணாடி போலாக்குவது. மற்றொன்று, பளபளப்பில்லாத மென்மையான மேட். கல்மெருகு கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து காய்ந்தால் அந்த இடம் மங்கிப் புடைத்துவிடும். வியர்வை படும் பொருளுக்கும் முதன்முதலாக இந்தத் தோலைத் தொடுபவருக்கும் மேட்தான் சரி. இந்த டேனரிகள் உலகில் சிலவே. அவற்றிலும் பெரியவற்றை ஆடம்பர நிறுவனங்கள் தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டன. சிங்கப்பூரின் ஹெங் லாங் டேனரியின் பெரும்பான்மைப் பங்கை எல்விஎம்எச் 2011இல் வாங்கியது. தனியாக உட்கார்ந்து பர்ஸ் தைப்பவருக்கு முதல்தரத் தோல் எளிதில் அகப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தரம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோலை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிப்பது குறை எத்தனை என்பதைவிட அது எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்து. வயிற்றின் நடுச் சதுரங்களில் ஒரு கீறல் விழுந்தால் பைக்காரருக்கு அந்தத் தோல் போச்சு. வாட்ச் பட்டையோ கார்டு உறையோ செய்பவருக்கு அந்தக் கீறலைச் சுற்றி வெட்டிக்கொள்ள நிறைய இடம் இருக்கும். சிறு பொருள் செய்பவர் முதல்தரத் தோலுக்குப் பணம் கொட்டுவது வீண் என்பது என் திடமான எண்ணம். மூன்றாந்தரத் தோலில் அட்டை மாதிரியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

மாதிரியை வைக்கும் வேலைதான் இந்தக் கலையின் நெஞ்சு. வயிற்றுச் செதில்கள் உடலுக்குக் குறுக்காக வரிசை வரிசையாக அமைந்தவை. நடுவில் பெரிய சதுரங்கள். விலாப் பக்கம் போகப்போகச் சிறுத்து வட்டமாகும். வாலில் நீண்ட செவ்வகங்கள். ஆகவே தோலுக்கு ஒரு நடுக்கோடு உண்டு. பொருளின் நடுக்கோடு அதன்மேல் உட்கார வேண்டும். விரல் அகலம் விலகினாலும் பார்ப்பவர் கண் கண்டுபிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். மடிக்கும் பர்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விரித்தால் சுமார் 24 சென்டிமீட்டர் நீளம், ஒன்பதரை உயரம். இதைத் தோலில் குறுக்காக வைக்கலாம்: நடுச் சதுரங்கள் மடிப்பில் விழும், இரு முகமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகச் சிறு செதிலில் முடியும். நெடுக்காகவும் வைக்கலாம்: இரு முகத்திலும் பெரிய சதுரங்கள் வரும், ஆனால் ஒரு முகத்தின் செதில் மறுமுகத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகும். குறுக்கே வைப்பதற்கு அகலமான தோல் வேண்டும், அதாவது கூடுதல் விலை. நெடுக்கே வைத்தால் குறுகிய தோலிலும் ஒப்பேற்றலாம்.

மடிப்பு எங்கே விழுகிறது என்பது அழகுக்கு மட்டுமான கேள்வியல்ல. செதில் தடித்தது, செதிலுக்கும் செதிலுக்கும் இடையிலான பள்ளம் மெல்லியது. ஒரே தோலில் இரண்டு தடிமன். மாட்டுத் தோலில் கற்ற எல்லாமும் தடுமாறுவது இந்த ஓர் உண்மையில்தான். கடலைமிட்டாய்ப் பாளத்தில் கத்தியால் கீறிய கோட்டிலேயே அது உடைவதுபோல், இந்தத் தோலும் பள்ளத்திலேயே வளையும். நெடுக்கே வைத்த பர்ஸில் மடிப்பைக் குறுக்குப் பள்ளம் ஒன்றின்மேல் விழவைத்தால் பர்ஸ் படிந்து மூடும்; செதிலின் நடுமுதுகில் விழவைத்தால் விறைத்துக்கொண்டு திறந்தே நிற்கும். பள்ளத்திலேயே நாளெல்லாம் மடிந்தால் முதலில் மெருகு போகும், பிறகு தோல் விரியும். அதனால் மடிப்புக்கு அடியில் நீளாத துணி நாடாவையோ மெல்லிய கன்றுத் தோலையோ ஒட்டி, இழுவை முழுவதும் பள்ளத்தின்மேல் விழாமல் பகிர்ந்துவிட வேண்டும்.

இதே இரண்டு தடிமன் சீவும்போது பழிவாங்கும். ஓரத்தை மடித்து ஒட்டுவதற்கு மாட்டுத் தோலை அரை மில்லிமீட்டர் வரை தாராளமாகச் சீவலாம். அலிகேட்டரில் அப்படிச் சீவினால் செதில் அரை மில்லிமீட்டரில் நிற்கும். பக்கத்துப் பள்ளம் காகிதமாகிப் பொத்தல் விழும். தோலின் உட்புறத்திலிருந்து பார்க்கும்போது பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பது கூடுதல் வம்பு. சீவுவதற்கான ஸ்கைவிங் மெஷினில் கொடுத்தால் அழுத்தும் பாதம் செதில் மேட்டில் ஏறி இறங்கி, ஓரம் அலையலையாக வெட்டுப்படும். வழி என்ன? ஒரே இழுப்பில் ஆழமாகப் போகாமல், இரண்டு மூன்று முறை லேசாகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. வெளிச்சம் ஊடுருவத் தொடங்கும் வரிகள் பள்ளங்கள். அங்கே நிறுத்திவிட வேண்டும். சிலர் உட்புறத்தில் மெல்லிய ஆட்டுத் தோல் லைனிங்கை முதலிலேயே ஒட்டி, அதோடு சேர்த்துச் சீவுகிறார்கள். பள்ளம் ஓட்டையானாலும் தாங்குவதற்கு அடியில் ஒன்று இருக்குமே.

மூலைகளையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வளைந்த மூலையில் தோலைச் சுருக்கிச் சுருக்கி மடிப்பது வழக்கம். பெரிய சதுரச் செதில் சுருங்காது, முறைத்துக்கொண்டு நிற்கும். விலாப்பக்கத்துச் சிறு வட்டச் செதில்கள் மூலையில் விழும்படி மாதிரியை வைத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மடிக்காமல் வெட்டோரமாகவே விடுவதானால் வேறு சிக்கல்: ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அலை தெரியும். தாவரப் பதனிட்ட மாட்டுத் தோலின் ஓரத்தைத் தண்ணீரும் பசையும் தொட்டு மரக்கட்டையால் தேய்த்து மெருகேற்றலாம். குரோம் தோல் அதற்கு மசியாது. ஓரப் பெயின்ட்டைப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பின் நயமான உப்புத்தாளால் தேய்த்து, பள்ளம் நிரம்பும்வரை திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி. நனைத்து வடிவம் கொடுப்பது, பூவேலை செதுக்குவது, முத்திரை குத்துவது எல்லாம் இந்தத் தோலில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை. மேற்பரப்பில் செய்யவேண்டிய வேலையை விலங்கே செய்து கொடுத்துவிட்டது.

பசை விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. மெருகிட்ட முகத்தில் பசை பிடிக்காது. ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பாக்கும்போது எல்லைக் கோடு தாண்டினால் அந்தச் செதில் நிரந்தரமாக மங்கிப்போகும். பசை பிதுங்கிப் பள்ளத்துக்குள் இறங்கினாலும் வெளியே எடுப்பது பெரும்பாடு.

தையல் இதற்குப் பிறகுதான் வருகிறது. இரு ஊசியும் மெழுகிட்ட லினன் நூலும் கொண்டு கையால் தைப்பதே இந்தத் தோலுக்குப் பொருந்தும். மெஷினில் பாதம் செதிலில் ஏறும்போது தையல் நீளம் ஒன்றுபோல் வராது. கைத்தையலிலும் பல்வரிசை உளியால் துளை குறிக்கையில் பல் ஒன்று செதிலின் சரிவில் பட்டு வழுக்கி இறங்கிவிடும். அனுபவசாலிகள் செய்வது, தையல் கோடு போகும் வழியை முதலில் தட்டையான எலும்புக் கருவியால் அழுத்தித் தேய்த்து மேட்டைப் படியவைத்து, பிறகு துளை இடைவெளியை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து, எந்தத் துளையும் பள்ளத்தின் நடுமையத்தில் விழாதபடி பார்த்துக்கொள்வது. பள்ளத்தில் விழுந்த துளை நூலை இறுக்கும்போது கிழிந்து நீளும், அந்தத் தையல் மட்டும் உள்ளே முழுகிக் காணாமல் போகும். அதன்பிறகு குத்தூசியால் ஒவ்வொரு துளையாகத் திறக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை.

வாட்ச் பட்டை இத்தனை விதிகளும் ஒரு சாண் நீளத்துக்குள் கூடும் இடம். 20 மில்லிமீட்டர் அகலம், இரு துண்டு. கடிகாரத்தை ஒட்டிய பக்கம் செதில் பெரிதாகவும் நுனியை நோக்கிச் சிறிதாகவும் போக வேண்டும், இரு துண்டிலும் ஒன்றுபோல. இதற்கு இரு துண்டையும் ஒரே தோலில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே உயரத்தில் வெட்டுவார்கள். சதுரச் செதில் பட்டைக்கு வயிறு, வட்டச் செதில் பட்டைக்கு விலா. வட்டச் செதில் இளகியது, மணிக்கட்டில் சீக்கிரம் படியும். சதுரம் விறைப்பானது, சட்டைக் கைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கையில் அதன் மிடுக்கே தனி. பட்டை கெடுவது பெரும்பாலும் மேலிருந்து அல்ல, வியர்வை குடிக்கும் அடித்தோலிலிருந்து. அலிகேட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு லைனிங்கில் மிச்சம் பிடிக்கும் தயாரிப்பாளர்களை நான் புரிந்துகொண்டதே இல்லை.

முதுகுத் தோலையும் வாலையும் ஒரு வரியில் கடந்துவிடலாம்: முரட்டுக் கொம்பு வரிசைகள் பெல்ட்டுக்கும் கவ்பாய் பூட்ஸுக்கும் அழகு, பர்ஸுக்குச் சுமை. வெட்டி மிஞ்சும் துண்டுகளை மட்டும் யாரும் எறிவதில்லை. சாவிக்கொத்துக்கும், பட்டையின் வளையத்துக்கும், மாட்டுத் தோல் பர்ஸின் முகப்பில் பதிக்கும் ஒற்றைச் சதுரத்துக்கும் அவை போய்விடும்.

இப்படியொரு பொருளைச் செய்வது சரியா என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு ஆய்வு முழுமையடையாது. எதிர்ப்பாளர்கள் காட்டில் எண்ணிக்கை பெருகியதை மறுப்பதில்லை. கொட்டகையில் அடைத்து வளர்ப்பதையும் கொல்லும் முறையையும் கேட்கிறார்கள். அது நேர்மையான கேள்வி, 20 லட்சம் என்ற எண் அதற்குப் பதிலாகாது. ஷனேல் நிறுவனம் 2018 டிசம்பரில் முதலை, பாம்பு முதலிய அயல் தோல்களைக் கைவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2020 முதல் அலிகேட்டர் பொருள் விற்பனையைத் தடுக்க முயன்றபோது லூசியானா வழக்குத் தொடுத்தது. மத்தியச் சட்டத்தின் அனுமதியை மாநிலம் மீற முடியாது என்ற வாதத்தில் நீதிமன்றம் தடையை நிறுத்தியது. மறுபக்க வாதமும் லேசானதல்ல. தோலுக்கு விலை போனால் முட்டைக்கு விலை போகும், முட்டைக்கு விலை போனால் சதுப்புக்கு மதிப்பு கூடும். கடல் அரித்துத் தின்றுகொண்டிருக்கும் லூசியானாக் கரையில் சதுப்பைப் பேண வேறு வருமானம் தேடுவது எளிதல்ல. என்னைக் கேட்டால், எண்ணிக்கையில் இந்தத் தொழில் தன்னை நிரூபித்துவிட்டது. வளர்ப்பு முறையில் இன்னும் நிரூபிக்கவில்லை.

லூசியானா வேட்டையைத் திறந்த அதே 1972இல் இந்தியா நேர் எதிர்த்திசையில் நடந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கரியால் மூன்றும் அதன் முதல் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்றன. பாம்புத் தோல் வணிகமும் அடைபட்டதால் பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விஷமெடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். மாமல்லபுரம் சாலையில் ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் முதலைகள் நன்றாகவே பெருகின. அளவோடு தோலெடுக்கும் பண்ணை முறையை இங்கும் கொண்டுவரலாம் என்று விட்டேக்கர் வாதிட்டதுண்டு. அரசு ஏற்கவில்லை. பெருகியவற்றை விடுவதற்குக் காட்டில் இடமும் போதவில்லை. லூசியானாவில் தனியார் சதுப்பு இருந்தது. நம்மிடம் இருந்தவை அணைகளும், கரையெங்கும் குளிக்கவும் துவைக்கவும் இறங்கும் மனிதர்களும். ஒரு நாட்டில் பலித்த கணக்கை மறு நாட்டில் அப்படியே போட முடியாது என்பதை விட்டேக்கரின் ஆதரவாளர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

2017 ஜனவரியில் ஊர்வனவற்றின் தோல் இறக்குமதியையும் இந்தியா தடை செய்துவிட்டது. ஆகவே ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ எவ்வளவு தேர்ந்த கை இருந்தாலும் அலிகேட்டர் தோல் அதற்கு எட்டாது. நம் கடைகளில் முதலைத் தோல் என்று காட்டுவது சூடான தகட்டால் அச்சு அழுத்திய மாட்டுத் தோல்; தொழிலில் ‘குரோக்கோ பிரிண்ட்’. கண்டுபிடிப்பது சுலபம். தகடு ஒன்றே என்பதால் ஒரு மூலையில் பார்த்த செதில் அதே கோணலோடு இன்னொரு மூலையில் திரும்ப வரும். விலங்கின் வயிற்றில் எந்த இரு செதிலும் ஒன்றல்ல. ஏமாற்றி விற்காதவரை அது கேவலமான சரக்கல்ல. நடுக்கோடு பிடிப்பதையும், மூலைக்குச் சிறு செதிலைத் தேடுவதையும், துளை இடைவெளியைப் பள்ளத்துக்குத் தக்கபடி நகர்த்துவதையும் அதில் குறைந்த செலவில் பழகிவிடலாம். சீவுவதை மட்டும் அதில் பழக முடியாது: தகடு அழுத்திய பள்ளத்தில் தோல் நெரிந்து இறுகியிருக்கும், அலிகேட்டரின் பள்ளமோ இயல்பிலேயே மெல்லியது.